எட்டாம் நாளைத் தள்ளிவைத்தவர்

குழந்தையின் எடை பார்க்கும் தராசை நான் எப்போதும் காரின் முன் இருக்கையில்தான் வைத்திருப்பேன். பின்னால் வைத்தால் மொன்றியல் குளிரில் தட்டு பனிக்கட்டியாகிவிடும். உடுப்புக் கழற்றிய பிள்ளையை அதில் கிடத்தியதும் அது வீரிட்டு அழும், தாய் பதறுவாள், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அந்த வீட்டில் ஒருவரும் காதில் வாங்கமாட்டார்கள். துவாயால் சுற்றி முன்னுக்கு வைத்து, ஹீட்டர் காற்றை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் குளிர்காலத்தில் காரில் ஏறினால் என் கை தானாக அந்தக் காற்றைப் பக்கத்து இருக்கைக்குத் திருப்புகிறது.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள். மஞ்சள் காமாலை அளப்பது, பால் குடிப்பதைக் கவனிப்பது, தையல் பார்ப்பது எல்லாம் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அவற்றைப் பற்றி நான் கதைக்கப்போவதில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்க வீடு வீடாகப் போகும் தாதிக்குப் பக்கத்தில் வைத்தியரும் இல்லை, கூப்பிட்டால் ஓடிவர இன்னொரு தாதியும் இல்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எனக்குத் தந்திருந்த பகுதி டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, புவாண்ட்-கிளேர், இல்-பிசார். பஸ் குறைவான, வளவு பெரிய வீடுகள் உள்ள இடங்கள். காலையில் செயின்ட்-ரெஜிஸ் வீதியால் போனால் முருகன் கோவில் வாசலில் யாராவது பனி அள்ளிக்கொண்டு நிற்பார்கள். நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரி. ஆனாலும் காரை மெதுவாக்கிக் கையசைப்பேன். அங்கிருந்து இரண்டு சந்தி தள்ளினால் யூதக் குடும்பங்கள் இருக்கும் தெருக்கள். ஒரே காலையில் ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் காயச்சரக்குக் குழம்பு வாசம், அடுத்த வீட்டில் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னல் பாணின் வாசம். எங்கே போனாலும் சாப்பிடச் சொல்லுவார்கள். அந்தக் காலைகளைப் போல நிறைவான காலைகள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

யூதர்கள் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்வார்கள். அந்தச் சடங்கைப் பிரிஸ் என்பார்கள். உடன்படிக்கை என்று அர்த்தம். செய்து வைப்பவரின் பெயர் மோஹேல். எங்கள் பகுதியில் பெரும்பாலும் ஒரே மோஹேல்தான் வருவார். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. பேர்சொல்லிப் புகழ்வது அவருக்குப் பிடிக்காது. குள்ளமான மனிதர், பெரிய காதுகள், என்னுடையதைவிடப் பழைய கார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு போலந்திலிருந்து இளைஞனாக வந்தவர். வீட்டுக்குள் வந்ததும் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்குவார். நான் தராசுக்குச் செய்ததை அவர் தன் விரல்களுக்குச் செய்தார். அதைக் கண்டவுடனேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதன்முதலில் அவரைச் சந்தித்த வீட்டில் விருந்துக்கு எல்லாம் தயாராக இருந்தது. மேசையில் புகையிட்ட மீன், வெண்ணெய்க்கட்டி, வட்டப் பாண்கள். நியூயோர்க்கிலிருந்து ஒரு மாமா வந்திருந்தார். எல்லாரும் நல்ல உடுப்பில் நின்றார்கள். நான் எடை பார்க்கத்தான் போயிருந்தேன், ஆனால் பிள்ளை மஞ்சளாக இருந்தது. எப்படி இதைச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து, பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்கு நுனியை விரலால் அழுத்திப் பார்த்தார். கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். பிறகு இன்றைக்கு இல்லை என்றார்.

எட்டாம் நாள் என்பது சட்டமல்லவா என்று மாமா கேட்டார். நோயாளிப் பிள்ளை சுகமாகும்வரை பொறு என்று சொல்வதும் அதே சட்டம்தான் என்று அவர் பதில் சொன்னார். உடன்படிக்கையைப் பிந்திச் செய்யலாம், போன உயிரைப் பிந்திக் கொண்டுவர முடியாது. பிறகு மாமாவைப் பார்த்து, மீன் மட்டும் பொறுக்காது, அதைச் சாப்பிடுங்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எந்தக் குறையுமில்லாமல் பிரிஸ் நடந்தது.

அன்றைக்கு அந்த வீட்டுக் குசினியில் அடுப்பருகே நின்றபடி அவரிடம் நான் நிறையக் கேட்டேன். விருத்தசேதனம் என்ற சொல் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். முன்பெல்லாம் ஜனவரி முதலாம் திகதி இயேசுவின் விருத்தசேதனத் திருநாள். மறைக்கல்வி வகுப்பில் அந்தச் சொல் வந்ததும் சிஸ்டர் வேகமாக அடுத்த வரிக்குப் போய்விடுவார். அயலில் முஸ்லிம் பையன்களுக்குச் சுன்னத்து என்று ஒன்று நடப்பது தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு விளங்கியதே தாதிப் படிப்புக்கு வந்த பிறகுதான்.

அவர் ஆபிரகாமிலிருந்து தொடங்கினார். முதுமையில், தானாகவே தன் உடம்பில் அந்த அடையாளத்தை இட்டுக்கொண்ட மனிதர். எட்டாம் நாளில் அந்த அடையாளத்தைப் பெற்ற முதல் குழந்தை அவருடைய மகன் ஈசாக்கு. வீடு, வயல், கோவில் எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம், ஆகவே பிடுங்க முடியாத இடத்தில் அடையாளம் வைக்கப்பட்டது என்றார். அதையும் பிடுங்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒரு கிரேக்க அரசன் தடைசெய்தான், மீறிய தாய்மாரைப் பிள்ளைகளோடு கொன்றான். பிறகு ஒரு ரோமச் சக்கரவர்த்தியும் தடைசெய்தான். விளையாட்டுக்கூடத்தில் அந்நியரோடு உடுப்பில்லாமல் நிற்க வெட்கப்பட்டு, தோலை இழுத்து அடையாளத்தை மறைத்தவர்களும் தங்களுக்குள் இருந்தார்கள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு பிரிஸிலும் எலியா இறைவாக்கினருக்கென்று ஒரு நாற்காலி வெறுமையாக விடப்படும். இந்த மக்கள் உடன்படிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கடவுளிடம் முறையிட்டவர் எலியா. அதனால், வந்து உன் கண்ணாலேயே பார் என்று அவருக்கு ஒவ்வொரு முறையும் இடம் போடுகிறோம் என்றார்.

இது சுகாதாரத்துக்கு நல்லது என்பதாலா எட்டாம் நாள் என்று கேட்டேன். அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை என்றார். சுகத்துக்காகச் செய்தால் அது வைத்தியம், உடன்படிக்கை இல்லை. உலகம் ஏழு நாளில் முடிந்தது, அதற்கு அடுத்த நாள் மனிதனுடைய வேலை தொடங்குகிறது, நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்றார். அந்த நாளில்தான் பிள்ளைக்குப் பெயரும் வைப்பார்கள். அதுவரைக்கும் அது வெறுமனே பிள்ளைதான்.

அதன்பிறகு வருடத்தில் பல தடவை அவரை வீடுகளில் கண்டேன். கண்டால் இரண்டு வார்த்தை கதைப்போம். இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

ஒரு மாசி மாதம், டொலார்டில், இரினா என்ற பெண்ணுக்கு முதல் பிள்ளை. அவளும் கணவன் போரிஸும் மின்ஸ்க் நகரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவளுக்கு முப்பத்தைந்துக்கு மேல். இனிப் பிள்ளை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்த ஆண் குழந்தை. அவளுடைய தாய் முன்பே இறந்துவிட்டார். தகப்பன் மட்டும் பேரனைப் பார்க்க மின்ஸ்கிலிருந்து விமானமேறி வந்திருந்தார். அகன்ற தோள் கொண்ட கிழவர், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

திங்கட்கிழமை நான் போனபோது போரிஸ் ஆட்களுக்கு அழைப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை எட்டாம் நாள். அவன் ஒளிவுமறைவு இல்லாதவன். சோவியத் காலத்தில் அவனுக்கு அது நடக்கவில்லை, நடத்தினால் தகப்பனின் வேலை போயிருக்கும். கனடாவுக்கு வந்து, முப்பது வயதில், மொன்றியல் ஆஸ்பத்திரி ஒன்றில் தானே கேட்டுச் செய்துகொண்டான். இரண்டு கிழமை வாத்து மாதிரி நடந்தேன் என்று நடந்தும் காட்டினான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என் மகனுக்கு அது உரிய நாளில் நடக்கும், எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குப் பிறகு அவன்தான் முதலாவது என்றான். அவனுக்கு ஒரேயொரு மனக்குறை. சடங்கின்போது பிள்ளையை மடியில் வைத்திருப்பது பெரிய மரியாதை, பெரும்பாலும் பாட்டனாருக்குத்தான் அது. இரினாவின் தகப்பனோ மாட்டேன் என்றுவிட்டார். காரணமும் சொல்லவில்லை.

பிள்ளை சற்று மஞ்சளாக இருந்ததால் குதிகாலில் குத்திக் கொஞ்சம் இரத்தம் எடுத்தேன். வழக்கமாகப் பஞ்சை வைத்து அழுத்தினால் நின்றுவிடும். அன்றைக்கு நின்றது, ஆனால் நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு தாயோடு கதைத்த கதை வழக்கத்தைவிட நீண்டுபோயிற்று. அதை மனதில் குறித்துக்கொண்டேன். கிழவர் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தத்துக்குப் பயந்தவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். இவர் திருப்பவில்லை. அந்தச் சிறிய குதியிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகம் என்னை விடவில்லை. மஞ்சள் அளவு ஆபத்தில்லை என்று முடிவு வந்துவிட்டது, திரும்பப் போக வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக அங்கே போனேன். காலுறையைக் கழற்றினேன். புதிதாக இரத்தம் கசிந்து துணியோடு ஒட்டியிருந்தது. அரைத்துணியை விலக்கினேன். பிறந்தவுடன் வைட்டமின் ஊசி போட்ட தொடையில் ஒரு கட்டி, கன்றிப்போய்க் கருநீலமாக இருந்தது. கை வைத்தால் இறுக்கமாக இருந்தது. முதல் நாள் நான் பார்த்தபோது அது மெல்லிய நீலத் தடம்தான்.

இரினாவிடம் மெதுவாகக் கேட்டேன். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் நிற்காமல் போனதுண்டா? அம்மாவின் பக்கத்தில் ஆண் பிள்ளைகள் யாரும் சிறுவயதில் இறந்ததுண்டா? அவள் யோசித்தாள். தனக்கு முன்பு ஓர் அண்ணன் பிறந்து சில நாளிலேயே இறந்துவிட்டான், இதயம் பலவீனமாம், வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை என்றாள். நான் கேட்டதை ரஷ்ய மொழியில் தகப்பனிடம் திருப்பிச் சொன்னாள். கிழவர் குசினிக்குப் போய்விட்டார்.

என் கையில் இருந்தது அவ்வளவுதான். ஒரு கட்டி, ஒரு காலுறை, ஒரு கிழவரின் முகம். எங்கள் சுகாதார நிலையத்தில் அன்று பொறுப்பாக இருந்த வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊசி போட்ட இடம் கன்றுவது சாதாரணம், வெள்ளிக்கிழமை கொண்டுவரட்டும் பார்ப்போம் என்றார். வெள்ளிக்கிழமை என்பது வியாழனுக்கு அடுத்த நாள். சடங்கு இருக்கிறது என்று சொன்னேன். அது பெற்றோரின் முடிவு என்றார். சொன்னதில் பிழையில்லை, அவர் அந்தத் தொடையைத் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், சடங்கைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று போரிஸிடம் சொன்னேன். அவன் முகம் கறுத்துவிட்டது. வைத்தியரே சாதாரணம் என்கிறார், நீ யார் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அப்படித்தான் பார்த்தான். இத்தனை வருடம் அரசாங்கம் வேண்டாம் என்றது, இப்போது தாதியும் வேண்டாம் என்கிறாள் என்றான்.

வெளியே வந்து காரில் இருந்தபடி சாந்திக்குத் தொலைபேசி அடித்தேன். சாந்தி என்னோடு வேலை செய்தவள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நிதானமானவள்.

"அக்கா, உது அவையின்ர சமய விசயம்," என்றாள். "பேந்து முறைப்பாடு வந்தா ஆர் பதில் சொல்லுறது? நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டியள்தானே, எழுதி வைச்சிட்டு வாங்கோ."

"சமயத்துக்குள்ள நான் போகேல்லை சாந்தி. அந்தத் தொடையைப் பாத்துப்போட்டுத்தான் கதைக்கிறன்."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு வழி தெரிந்தது. அந்த வீட்டில் என் சொல்லுக்குப் பாரம் இல்லை. யாருடைய சொல்லுக்குப் பாரம் இருக்கிறது? பிள்ளைகளே, நீங்கள் அப்படி நிற்கும் நாள் கட்டாயம் வரும். அப்போது குரலை உயர்த்தாதீர்கள். அந்த வீட்டில் யாருடைய சொல் எடுபடும் என்று பாருங்கள். நான் திரும்ப உள்ளே போய், உங்கள் மோஹேலுக்கு நான் கண்டதைச் சொல்ல நீங்கள் சம்மதிப்பீர்களா என்று இரினாவைக் கேட்டேன். அவளுடைய பிள்ளை, அவளுடைய சம்மதம் வேண்டும். அவள் போரிஸைப் பார்க்காமலே தலையசைத்தாள். அவளே இலக்கத்தை அழுத்தி என்னிடம் தந்தாள். நான் சொன்னதைக் கேட்ட மோஹேல் ஒரு கேள்விதான் கேட்டார். தாயின் பக்கத்தில் இறந்த ஆண் குழந்தை உண்டா? ஓம், ஒன்று என்றேன். வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் அடுத்த வீட்டுக்குப் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். அவர் வந்து, கக்கத்தில் கையைச் சூடாக்கி, பிள்ளையைப் பார்த்தார். தொடையை ஒரே ஒருமுறை தொட்டார். போரிஸ் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவர் அவன் தோளில் கை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

அங்கே இரண்டு கிழவர்களும் இத்திஷ் மொழியில் கதைத்தார்கள். போலந்து யூதரும் மின்ஸ்க் யூதரும் வீட்டில் பேசி வளர்ந்த மொழி. இரினாவுக்கும் போரிஸுக்கும் அது தெரியாது. கதவு பாதி திறந்திருந்தது. இரினாவின் தகப்பன் முதலில் ஒன்றிரண்டு சொல்லாகவும், பிறகு நிறுத்தாமலும் கதைப்பது கேட்டது. பிறகு கதைக்கும் சத்தம் நின்று, மேசையில் யாரோ கையை ஊன்றிய சத்தம் வந்தது. மோஹேல் கதவடிக்கு வந்து இரினாவைக் கூப்பிட்டார்.

"உன் அப்பா எனக்கு ஒன்று சொன்னார். உனக்கு விளங்காத மொழியில் சொன்னார். இனி உனக்கு விளங்கும் மொழியில் சொல்லப்போகிறார். நீ குறுக்கே ஒன்றும் கேட்காதே."

கிழவர் ரஷ்ய மொழியில் சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை, இரினாவின் முகம் மாறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மோஹேல் என் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவருடைய முதல் மகனுக்கு இதயத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. எட்டாம் நாள் காலை, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் வானொலியை உரக்கப் போட்டு, குசினியில் பிரிஸ் நடத்தினார்கள். கருவிகளைப் பாண் பையில் மறைத்துக்கொண்டு ஒரு கிழவர் வந்து செய்தார். பிள்ளையை மடியில் வைத்திருந்தது தகப்பன்தான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெயரைக் காதோடு காதாகச் சொன்னார்கள். லேய்ப். ஆனால் இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் செய்தவரும் சிறைக்குப் போவார், தானும் போவேன் என்று தகப்பன் தயங்கினார். பயத்தை விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பிந்திவிட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் மனைவியும் அவரும் அந்தப் பெயரை ஒரு நாளும் சொல்லவில்லை. என் மடியில்தான் அவன் செத்தான், இன்னொரு பிள்ளையை இந்த மடியில் வைக்கமாட்டேன் என்று அவர் சொன்னார்.

இரினா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்த் தகப்பனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். போரிஸ் சுவரோடு சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனாகவே பிள்ளையின் குளிர்ச்சட்டையை எடுத்து வந்தான்.

மோஹேல் அவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னார். ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கும் முந்தியது. கலிலேயாவில் நான்கு சகோதரிகள். மூத்தவளின் மகனுக்குச் செய்தார்கள், இறந்தான். இரண்டாமவளின் மகனும் இறந்தான். மூன்றாமவளின் மகனும் இறந்தான். நாலாமவள் மறைச்சட்ட ஆசிரியரிடம் வந்து நின்றபோது, உன் மகனுக்குச் செய்யாதே என்று அவர் தீர்ப்புச் சொன்னார். "அவர்களிடம் நுணுக்குக்காட்டி இருக்கவில்லை. ஆனாலும் அது சகோதரிகள் வழியாக வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். வியாழக்கிழமை நான் இந்தப் பிள்ளையைத் தொடமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

பிறகு நான் அவரோடு கார்வரை நடந்தேன். அந்தக் கிழவருக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். உண்மை எதுவென்று எனக்கு இன்னும் தெரியாது என்றார். நான் இன்றைக்கு ஒன்றைச் சொல்லி, நாளைக்கு இரத்தம் வேறொன்றைச் சொன்னால், அந்த மனிதர் இரண்டாம் முறை உடைவார். சோதனை முடிவு வரட்டும். அந்தக் காரடியில் நின்று கற்றுக்கொண்டதை ஓய்வு பெறும்வரை கடைப்பிடித்தேன். தெரிவதற்கு முன் ஆறுதல் சொல்லக்கூடாது. சொல்லாமல் பக்கத்தில் நிற்பது எவ்வளவு கடினமானாலும்.

புதன்கிழமை முடிவு வந்தது. ஹீமோபீலியா. இரத்தத்தை உறைய வைக்கும் ஒரு பொருள் பிள்ளைக்கு இல்லை. தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும் நோய். கடுமையான வகை. ஆனால் இப்போது மருந்து இருக்கிறது, பிள்ளை வளரும், ஓடி விளையாடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை, அந்த எட்டாம் நாள் காலை, எடை பார்க்கப் போனேன். போரிஸ் எல்லாருக்கும் அறிவித்துவிட்டான், வீடு வெறுமையாக இருந்தது. நான் தராசைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மோஹேல் வந்தார். பை இல்லை. வெறுங்கையோடு வந்து குசினிக் கதிரையில் அமர்ந்து தேநீர் கேட்டார். சடங்கு இல்லாத வீட்டுக்குச் சடங்கு நாளில் வந்திருந்தார்.

முதலில் இரினாவின் தகப்பனிடம் சொன்னார். இத்திஷில் சொல்லி, மற்றவர்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னார். உங்கள் மகனைக் கொன்றது உங்கள் மடியில் இருக்கவில்லை. பாண் பையோடு வந்த அந்தக் கிழவரின் கத்தியிலும் இருக்கவில்லை. பிள்ளையின் இரத்தத்தில் இருந்தது. அன்றைக்கு நீங்கள் உடனே ஓடியிருந்தாலும் அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்து இருந்திருக்காது. கிழவர் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரினா அழத் தொடங்கினாள், அப்படியானால் என்னிடமிருந்துதான் வந்தது என்று. மோஹேல் அவளிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாகப் பேசினார். கண்ணின் நிறமும் சுருள்முடியும் உன்னிடமிருந்துதான் வந்தன, அதற்கும் நீ மன்னிப்புக் கேட்கப்போகிறாயா என்றார்.

போரிஸ் ஒரு கதிரையை இழுத்து மோஹேலுக்கு எதிரே அமர்ந்தான்.

"அப்ப என் மகனும் என்னைப்போலத்தான்," என்றான். "நானும் இப்படித்தான் வளர்ந்தேன். ஒன்றும் இல்லாதவனாக."

"உன்னைத் தடுத்தது அரசாங்கம். இவனைத் தடுப்பது எங்கள் சட்டம். இரண்டும் ஒன்றில்லை," என்றார் மோஹேல். "சகோதரர்கள் அதனால் இறந்துபோக, அதற்காகச் செய்யாமல் விடப்பட்டவன் முழு யூதன். ஒரு மயிரளவும் குறைந்தவன் இல்லை. இவன் இன்றைக்கு உடன்படிக்கையை மீறவில்லை போரிஸ். காத்திருக்கிறான். காத்திருக்கச் சொன்னதும் அதே உடன்படிக்கைதான்."

போரிஸ் அப்படியானால் பெயருக்கு என்ன செய்வது என்று கேட்டான். சடங்கில்லாமல் பெயர் இல்லையே. தொழுகைக்கூடத்தில் திருச்சட்டச் சுருள் வாசிக்கும் காலையில் தகப்பனைக் கூப்பிட்டு அங்கே வைக்கலாம், பிள்ளையைப் பெயரில்லாமல் விடமாட்டோம் என்றார் அவர். என்ன பெயர் என்று கேட்டபோது இரினா தகப்பனைப் பார்த்தாள். சின்ன வயதில் இறந்தவரின் பெயரை அப்படியே வைக்கச் சிலர் விரும்புவதில்லை. அதற்கு முன்னால் ஹயீம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், உயிர் என்று அர்த்தம் என்று மோஹேல் சொன்னார்.

பிள்ளை வளர்ந்த பிறகு மருந்தின் பாதுகாப்போடு ஆஸ்பத்திரியில் அதைச் செய்தார்களா, செய்யாமலே விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குள் போக நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அந்த அளவுக்கு வெளியே வந்துவிடும் கடமையும் இருக்கிறது.

ஆனால் பெயர் வைத்த காலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை, இரண்டு வீடுகளுக்கு நடுவில் போனேன். வேலை நாள் காலைத் தொழுகை, அதிகம் ஆட்கள் இல்லை. பெண்களின் பக்கத்தில் இரினாவோடு நின்றேன். அவளுக்கும் அந்தச் செபங்கள் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளை அவள் தோளில் நித்திரை. மோஹேல் முன்வரிசையில் இருந்தார். சுருளை விரித்த மேடைக்குப் போரிஸைக் கூப்பிட்டார்கள். வாசிப்பு முடிந்ததும் அங்கே நின்றவர் ராகமாக ஒரு செபத்தைத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, போரிஸிடம் குனிந்து கேட்டுவிட்டு, நிமிர்ந்து, கூடம் முழுவதும் கேட்க ஹயீம் லேய்ப் என்று சொன்னார்.

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். அது எனக்குத் தெரிந்த சொல். எல்லாரும் சொல்லி முடித்து, வாசிப்பவர் செபப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, ஆண்களின் பக்கத்திலிருந்து இரினாவின் தகப்பன் பிந்தி, தனியாக, மிகவும் உரத்த குரலில் ஆமென் என்றார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. இரண்டு பக்கங்களுக்கும் நடுவிலிருந்த தடுப்பைத் தாண்டிக் கைகள் இரண்டையும் நீட்டினார். இரினா பிள்ளையை அந்தக் கைகளில் கொடுத்தாள். அவர் நீண்ட மர வாங்கில் உட்கார்ந்து, பிள்ளையைத் தன் மடியில் கிடத்திக்கொண்டார்.